வெப்கேம் படத்தில் புதிரான ஒளியும் கரும்புள்ளியும்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மொட்டை மாடியில் வானம் பார்க்க வைத்த கேமரா, வாசலில் மாட்டிய சிசிடிவி, ஜன்னலோரம் ஒட்டி வைத்த யூஎஸ்பி வெப்கேம், எதுவானாலும் சரி, ஒரு நாள் அதன் படத்தில் இருக்கக் கூடாத ஒன்று தெரியும். வெள்ளை உருண்டை மிதக்கும். வானத்தில் பச்சைப் பொட்டு ஒன்று தொங்கும். சூரியன் நடுவில் கறுத்துக் கிடக்கும். இதைப் பேய் என்று பயப்படவும் வேண்டாம், கேமரா போய்விட்டது என்று புதிதாக வாங்கவும் வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்தப் பொருள் எங்கே இருக்கிறது?

படத்தில் தெரியும் எதுவும் ஆறு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். தூரத்தில், நிஜ உலகத்தில் இருக்கலாம். லென்ஸுக்கு ஒரு முழத்துக்குள் காற்றில் இருக்கலாம். முன் கண்ணாடியில், லென்ஸுக்குள், அல்லது ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சார் மேல் இருக்கலாம். இல்லையென்றால் கேமராவின் மென்பொருள் உண்டாக்கியது. இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

அசல் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது சுருக்கப்பட்டிருக்கும், சின்னப் புள்ளிகள் அழிந்திருக்கும், இல்லாத கட்டங்கள் முளைத்திருக்கும். டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ நேரடியாக எடுத்த படம் வேண்டும். கேமரா கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இணையத்தில் ஓடும் பல வெப்கேம்கள் உலகப் பொது நேரத்தை அச்சிடும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட 5.30 மணி முன்னால் இருக்கும்.

அடுத்து, முன்னும் பின்னும் உள்ள படங்களோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் இருக்கிறதா, பத்துப் படங்களில் நகர்கிறதா, நாள் கணக்கில் அதே இடத்தில் நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் காரணங்கள் வெவ்வேறு.

மூன்றாவது, கேமராவை ஒரு விரற்கடை அளவு திருப்புங்கள். காட்சியோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால் அது வெளியே இருக்கிறது. காட்சி நகர்ந்தும் புள்ளி படத்தில் அதே இடத்தில் நின்றால் அது கேமராவில் இருக்கிறது. காட்சி இடப்பக்கம் போகும்போது புள்ளி வலப்பக்கம் போனால் அது லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு.

நான்காவது, கறுப்புத் துணியை நாலாக மடித்து லென்ஸை முழுக்க மூடி ஒரு படம் எடுங்கள். ஒளியே போகாத நிலையிலும் புள்ளி தெரிந்தால் அது சென்சாரிலிருந்து வருவது. இந்தப் படத்தை இருட்டுப் படம் என்று பெயரிட்டுச் சேமித்து வையுங்கள், பின்னால் உதவும்.

இரவில் மிதக்கும் வெள்ளை உருண்டைகள்

ஒளி ஊடுருவுவது போன்ற, ஓரம் கொஞ்சம் தடித்த வட்டங்கள் திடீரென்று தோன்றி மிதந்து மறையும். அதிகம் பயமுறுத்துவதும் சுலபமாகத் தீர்வதும் இதுதான். இரவுக் கேமராவைச் சுற்றி இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடிகள் பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வீசும். நம் கண்ணுக்கு எல்இடி மங்கிய சிவப்புப் பொட்டாகத் தெரியும், கேமராவுக்கோ அது பளிச்சென்ற டார்ச். தூரம் இரண்டு மடங்கானால் அந்த ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். 10 மீட்டர் தள்ளி இருக்கும் காம்பவுண்டுச் சுவரில் விழும் ஒளியைவிட, 10 சென்டிமீட்டரில் பறக்கும் தூசி மீது 10,000 மடங்கு விழுகிறது. கண்ணுக்கே தெரியாத தூசி அதனால்தான் பளிச்சிடுகிறது. அவ்வளவு கிட்டத்தில் லென்ஸுக்கு ஃபோகஸ் கிடைக்காது. ஆகவே புள்ளி, லென்ஸ் துளையின் வடிவத்திலேயே வட்டமாக விரிகிறது.

அந்த வட்டத்தின் நடத்தையைக் கவனியுங்கள். கீழ்நோக்கி வேகமாக ஓடினால் மழைத்துளி. ஒரே திசையில் மெதுவாக மிதந்தால் தூசி அல்லது பனி. திசை மாறி மாறிச் சுழன்றால் பூச்சி. உறுதி செய்ய, மெனுவில் ஐஆரை அணைத்துவிட்டு வாசல் விளக்கைப் போட்டுப் பாருங்கள். உருண்டைகள் காணாமல் போகும்.

நிரந்தரத் தீர்வு, கேமராவின் சொந்த ஐஆரை அணைத்துவிட்டு, தனி ஐஆர் விளக்கை லென்ஸிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் மாட்டுவது. ஒளி வீசும் பாதையும் லென்ஸ் பார்க்கும் பாதையும் கிட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழாது. 

சுருள் சுருளாகப் பறக்கும் கம்பி

இதுவும் பூச்சிதான், ஆனால் பார்த்தால் நம்ப முடியாது. நீண்ட உடல், இரண்டு பக்கமும் அலையலையாகச் செதில் போன்ற ஓரம், படத்தை ஒரே தாவலில் கடக்கும். இரவில் ஷட்டர் 1/25 நொடி வரை திறந்திருக்கும். நொடிக்கு 50 முறை சிறகடிக்கும் ஒரு விட்டில் அதற்குள் இரண்டு முறை சிறகை அடித்துவிடும். பறந்த தூரம் முழுதும் ஒரே கோடாகப் பதியும், ஒவ்வொரு சிறகடிப்பும் ஒரு புடைப்பாகப் பதியும். படத்தைப் பெரிதாக்கிப் புடைப்புகளை எண்ணி, ஷட்டர் நேரத்தால் வகுத்தால் அந்தப் பூச்சி நொடிக்கு எத்தனை தரம் சிறகடித்தது என்றே கணக்கிட்டுவிடலாம். ஷட்டரை 1/100 நொடிக்கு மாற்றுங்கள். படம் இருளும், ஆனால் கம்பி குட்டையாகிப் பூச்சியின் உருவம் தெரியத் தொடங்கும்.

நெளியும் வெள்ளைக் கயிறு

கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கேமராவின் முன்விளிம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே ஓர் இழை கட்டினால் போதும், இரவில் அது படத்துக்குக் குறுக்கே ஒளிரும் கயிறாக, காற்றுக்கு ஆடியபடி தெரியும். பகலில் தெரியாததால் பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். பூச்சி மருந்தைக் கேமரா மேல் நேரடியாக அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக் டோமில், அதாவது அரைக்கோள மூடியில், நுண்விரிசல் விழச் செய்யும். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் மங்கல்தான், டோமை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

பகலில் தெளிவு, இரவில் பால் ஊற்றியது போல வெண்மை

டோம் கேமராவில் இது வந்தால் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸைச் சுற்றி இருக்கும் ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் வளையம். அது டோமின் உட்பக்கத்தை முழுக்கத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் எல்இடியின் ஒளி டோமுக்குள்ளேயே எதிரொளித்து லென்ஸுக்குள் பாயும். மாட்டும்போது கோணத்தை மாற்றிவிட்டு வளையத்தைச் சரியாக உட்கார வைக்காமல் மூடினால் இப்படித்தான் ஆகும். புது டோமில் ஒட்டிய பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல் விட்டாலும், விரல் ரேகை பட்டாலும் இதே விளைவு.

குழாய் வடிவப் புல்லட் கேமராவாக இருந்தால், பார்வையின் ஓரத்தில் சுவரோ சன்ஷேடோ மரக்கிளையோ கிட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஐஆரில் வெளுத்துவிடும். மொத்தப் படமும் அளவுக்கு மீறி வெளிச்சமாகிவிட்டது என்று கேமரா நினைத்து ஒளியைக் குறைக்கும். நீங்கள் பார்க்க விரும்பிய தெரு இருண்டுவிடும். கேமராவைச் சுவரிலிருந்து ஓர் அடி வெளியே தள்ளி மாட்டுவதே சரியான வழி.

துடைப்பது பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தவறாகத் துடைத்துக் கெட்ட கேமராக்கள் ஏராளம். போர்வெல் தண்ணீரில் துடைக்காதீர்கள். காய்ந்ததும் உப்புக்கறை வட்ட வட்டமாகப் படியும், தெருவிளக்கைச் சுற்றி அந்த வட்டங்கள் எல்லாம் ஒளிரும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அரை டம்ளர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி, இவை போதும். முதலில் தண்ணீரை விட்டு மண்ணைக் கழுவிவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டும். உலர்ந்த டோமைத் தேய்த்தால் மணலே அதைக் கீறும். ஆல்கஹால், தின்னர் எதையும் அக்ரிலிக் டோம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கடலோர ஊர்களில் உப்புப் படலம் சீக்கிரம் படியும், ஆகவே இந்த வேலையை மாதம் ஒரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே வானத்தில் விளக்குகள்

அறைக்குள் இருந்து கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும் வெப்கேமில், இரவில் வானத்தில் வரிசையாக விளக்குகள் தொங்கும். உங்கள் அறையின் டியூப் லைட், ரௌட்டரின் பச்சை எல்இடி, மானிட்டரின் நீலப் பொட்டு ஆகியவைதான் கண்ணாடியில் பிரதிபலிக்கின்றன. அறை விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள், எது போனால் எது மறைகிறது என்று தெரிந்துவிடும். கேமராவின் முன்பக்கத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்பு ஃபோம் டேப் ஒட்டுங்கள். ஐஆர் உள்ள கேமராவானால் அதைக் கட்டாயம் அணைக்க வேண்டும். இல்லையென்றால் ஐஆர் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி முழுப் படத்தையும் வெளுக்கும்.

விளக்குக்கு எதிர்ப்பக்கம் பச்சை அல்லது ஊதாப் பொட்டு

படத்தின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற தெருவிளக்கிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, மறுபக்கம் ஏறக்குறைய அதே தூரம் போங்கள். பொட்டு அங்கே உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது லென்ஸுக்குள் கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே ஒளி முன்னும் பின்னும் பட்டு வரும் நிழல்பிம்பம். லென்ஸ் கண்ணாடி மேலிருக்கும் பூச்சு எதிரொளிப்பை முழுவதும் தடுப்பதில்லை. மீந்து எதிரொளிக்கும் பகுதிதான் பச்சையாகவும் ஊதாவாகவும் வருகிறது. நிலவைப் படமெடுத்து, பக்கத்தில் பச்சையாக ஒரு கோள் தெரிகிறது என்று பகிரப்படும் படங்கள் பெரும்பாலும் இவைதான். வெயில் காலத்தில் சூரியன் ஓரத்தில் இருக்கும்போது ஒரு சரமாகப் பல பொட்டுகள் விழும்.

விளக்கு படத்துக்குள் இருக்கும் வரை இதை முழுதாக நீக்க முடியாது. விளக்கு படத்துக்கு வெளியே, ஓரத்தில் இருந்தால் கேமராவின் மூடியை 2 அல்லது 3 சென்டிமீட்டர் முன்னே தள்ளி நிழல் விழச் செய்யுங்கள். கையை நீட்டி மறைத்துப் பார்த்து, எவ்வளவு நீளம் போதும் என்று முதலில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு வட்டம்

இதைக் கிரகணம் என்று நினைத்தவர்கள் உண்டு. இப்போதைய சிமாஸ் சென்சார்கள் ஒவ்வொரு பிக்ஸலையும் இரண்டு முறை படிக்கின்றன. முதலில் காலியாக இருக்கும்போது ஓர் அளவு, பிறகு ஒளி விழுந்தபின் ஓர் அளவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் படத்தில் காணும் வெளிச்சம். சூரியன் போன்ற மிகை ஒளியில் அந்தக் காலி அளவை எடுப்பதற்குள்ளேயே பிக்ஸல் நிரம்பிவிடுகிறது. நிரம்பியதிலிருந்து நிரம்பியதைக் கழித்தால் பூஜ்யம், அதாவது கறுப்பு. சுற்றிலும் வெள்ளை, நடுவில் மட்டும் கரும்பொட்டு என்றால் காரணம் இதுதான். கேமராவின் உள்மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) புதுப் பதிப்பு இருந்தால் ஏற்றிப் பாருங்கள். நல்ல சென்சார்களில் இதைக் கண்டுபிடித்து வெள்ளையால் நிரப்பும் வசதி உண்டு.

ஆனால் சூரியன் நாள்தோறும் ஒரே இடத்தில் படத்துக்குள் வருவது நல்லதல்ல. லென்ஸ் பூதக்கண்ணாடி போலச் சூரியனைச் சென்சார் மேல் குவிக்கிறது. சென்சார் மேல் இருக்கும் நிற வடிப்பான்கள் காலப்போக்கில் வெளுக்கும், சூரியன் போன பாதை நிரந்தரக் கறையாகும். கிழக்கு மேற்குப் பார்த்த கேமராக்களை 10 பாகை கீழே சாய்த்து வைக்க முடிந்தால் சாய்த்து வையுங்கள். கல்யாண மண்டபத்திலும் திருவிழாவிலும் லேசர் காட்சி நடந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு நொடி நேரடியாகப் பட்டாலே சென்சாரில் வண்ணக் கோடு நிரந்தரமாக விழக் கூடும். அதற்குப் பழுது நீக்கம் கிடையாது.

பளிச்சென்ற விளக்கிலிருந்து மேலும் கீழும் கோடு

பழைய சிசிடி சென்சார் உள்ள கேமராவில் மட்டும் வரும். நிரம்பி வழியும் மின்னூட்டம் பக்கத்துப் பிக்ஸல்களுக்குப் பாய்வதால் உண்டாகும் கோடு இது. இதற்கு உலகறிந்த உதாரணம் வானத்திலேயே இருக்கிறது. 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ கேமரா சூரியனைச் சுற்றியுள்ள வெளியைப் படமெடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் படங்களில் வெள்ளியோ வியாழனோ கடக்கும்போது, அதன் இரண்டு பக்கமும் கிடைமட்டமாக வெள்ளைக் கோடு நீண்டு, வளையம் கொண்ட பறக்கும் தட்டு போல இருக்கும். கோளின் ஒளியில் பிக்ஸல் நிரம்பி வழிந்ததன் அடையாளம் அது. உங்கள் கேமராவில் ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் கோடும் குறையும்.

அசையாத கரும்புள்ளி

வெள்ளை ஏ4 தாளைக் கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஃபோகஸ் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். கணினியில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். மறைந்திருந்த புள்ளிகள் எல்லாம் வெளியே வரும். இனி அழுக்கு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

டோமை மட்டும் கால் சுற்று திருப்புங்கள். புள்ளி கூடவே போனால் அழுக்கு டோமில். போகாவிட்டால் லென்ஸைத் திருப்பிப் பாருங்கள். சின்னக் கேமராக்களில் பெரும்பாலும் எம்12 லென்ஸ்தான். அதன் மரை 0.5 மி.மீ. இடைவெளி கொண்டது, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு லென்ஸ் அரை மில்லிமீட்டர் நகரும். அதுவே ஃபோகஸை முழுக்கக் கெடுக்கப் போதும். ஆகவே திருப்புவதற்கு முன் லென்ஸிலும் உடம்பிலும் மார்க்கரால் ஒரே கோடு போட்டுவிடுங்கள். லென்ஸோடு புள்ளி சுழன்றால் அழுக்கு லென்ஸில். லென்ஸ் சுழன்றும் புள்ளி அசையாமல், ஓரம் தெளிவாக நின்றால் அழுக்கு சென்சார் மேலிருக்கும் கண்ணாடியில். பொதுவாக ஒரு விதி நினைவில் வையுங்கள்: சென்சாருக்குக் கிட்ட இருக்கும் தூசி சின்னதாக, ஓரம் கூர்மையாகத் தெரியும். முன் கண்ணாடியில் இருப்பது பெரிதாக, மங்கலாகப் பரவித் தெரியும்.

சென்சார் சுத்தம் செய்ய மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, லென்ஸைக் கழற்றி, சென்சாரைத் தரை நோக்கிப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் நாலைந்து முறை ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி தெறித்துக் காய்ந்தால் முன்னைவிடப் பெரிய புள்ளி ஆகும். ஊதியும் போகாவிட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, மொபைல் ரிப்பேர் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள், லென்ஸ் துடைக்கும் ஸ்வாபில் ஒரு சொட்டு விட்டு, ஒரே திசையில் ஒரே இழுப்பு. திரும்பத் தேய்க்க வேண்டாம். காது குடையும் பஞ்சு இழை விடும், அதைத் தவிருங்கள்.

புள்ளி கச்சிதமான செவ்வகமாக, முழுக் கறுப்பாக இருந்தால் திருகாணியைத் தொடவே வேண்டாம். மெனுவில் பிரைவசி மாஸ்க் என்று யாரோ ஒரு பகுதியை மறைத்து வைத்திருப்பார்கள். நான்கு மூலையும் கறுத்திருந்தால் மூன்று காரணம்: மூடி முன்னே நீண்டுவிட்டது, சென்சாரைவிடச் சின்ன அளவுக்கான லென்ஸ் போட்டுவிட்டார்கள், அல்லது இரவில் மட்டும் என்றால் லென்ஸ் 90 பாகை பார்க்க, ஐஆர் விளக்கு 60 பாகைக்கு மட்டும் ஒளி வீசுகிறது. காலையில் மட்டும் நடுவில் மங்கல் வந்து வெயில் ஏறியதும் போனால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. வயர் நுழையும் ஓட்டையைக் கீழ்நோக்கி வைத்து, வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். உள்ளே புதுச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மூடுங்கள்.

இரவில் நட்சத்திரம் போல அசையாத வண்ணப் புள்ளிகள்

சிவப்பு, நீலம், பச்சை, வெள்ளை, ஒவ்வொன்றும் ஒரே பிக்ஸல் அகலம். ஒவ்வோர் இரவும் அதே இடம். இருட்டுப் படத்திலும் அவை தெரிந்தால் சூடான பிக்ஸல்கள். ஒளி இல்லாமலேயே சென்சாரில் கசியும் மின்னோட்டம் சுமார் 6 முதல் 8 பாகை செல்சியஸ் கூடும்தோறும் இரட்டிக்கிறது. சென்சார் 24 பாகை கூடுதலாகச் சூடேறினால் கசிவு குறைந்தது 8 மடங்கு. பகலெல்லாம் தகரக் கூரையில் வெந்த கேமரா சித்திரை இரவில் புள்ளி புள்ளியாகக் காட்டுவதற்கும், மார்கழியில் அதே கேமரா சுத்தமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

மேலே வெள்ளைச் சாயம் பூசிய தகடு ஒன்றை, காற்றுப் போக 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிழலாக மாட்டுங்கள். இரவு ஷட்டர் நேரத்தையும் கெய்னையும் (படத்தை மின்னணு முறையில் பிரகாசமாக்கும் அளவு) குறையுங்கள். வானத்தைப் படமெடுப்பவர்கள் சேமித்து வைத்த இருட்டுப் படத்தை ஒவ்வொரு படத்திலிருந்தும் கழித்தால் புள்ளிகள் போகும். அந்த இருட்டுப் படம் அதே வெப்பநிலையில், அதே ஷட்டர் நேரத்தில், அதே கெய்னில் எடுத்ததாக இருக்க வேண்டும். எரிமலைகளைக் கண்காணிக்கும் வெப்கேம்களில் இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம். ஐஆர் வடிப்பான் இல்லாத கேமராவுக்குக் கொதிக்கும் பாறையின் ஒளி கண்ணைவிட நன்றாகவே தெரியும். அதே சிகரத்தின் மேல் ஒரு சூடான பிக்ஸலும் விழுந்தால் தீப்பொறி போலவே இருக்கும். ஒற்றைப் பிக்ஸல், நாள் கணக்கில் அசையாத இடம் என்றால் பாறை அல்ல.

ஒரே ஒரு படத்தில் மட்டும் வெள்ளைப் பொட்டு அல்லது கீறல்

விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க துகள் ஒன்று சென்சாரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். நேராக விழுந்தால் பொட்டு, சாய்வாக விழுந்தால் கீறல். அடுத்த படத்தில் இருக்காது. மலை உச்சியில் வைத்த கேமராவில் இது அடிக்கடி வரும். காற்று மண்டலத்துக்கு வெளியே கேட்கவே வேண்டாம்: 2000 ஜூலை 14 அன்று சூரியப் புயல் வீசியபோது சோஹோவின் படங்கள் பனிமழை பெய்தது போல ஆகிவிட்டன.

இதைச் சரிபார்க்க மிகச் சிறந்த வழி இரண்டாவது கேமரா. 2014 ஏப்ரல் தொடக்கத்தில் செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி அனுப்பிய படத்தில், தொடுவானத்தில் ஒரு விளக்கு எரிவது போலத் தெரிந்தது. அந்த ஊர்தியின் வழிகாட்டும் கேமராக்கள் ஜோடியாக இருப்பவை. வலது கேமராவில் தெரிந்த ஒளி, அதே நேரத்து இடது கேமராப் படத்தில் இல்லை. துகள் மோதியிருக்கலாம், அல்லது பாறையில் பட்ட சூரிய ஒளி ஒரு கண்ணுக்கு மட்டும் மின்னியிருக்கலாம் என்று நாசா விளக்கியது. வீட்டிலும் இதையே செய்யலாம். ஒரே திசையைப் பார்க்கும் இரண்டு கேமராவில் ஒன்றில் மட்டும் தெரிவதைத் தெருவில் போய்த் தேட வேண்டியதில்லை.

படம் முழுக்க ஊர்ந்து போகும் கருப்புப் பட்டைகள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். மெனுவில் 60 ஹெர்ட்ஸ் அல்லது என்டிஎஸ்சி என்று இருந்தால் பட்டை ஊரும். 50 ஹெர்ட்ஸ் அல்லது பிஏஎல் ஆக்கி, நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். அப்படியும் பட்டை சாய்வாக ஓடினால், கோஆக்ஸ் வயர் உள்ள கேமராவில் எர்த் பிரச்சினை இருக்கலாம். கேமராவை 12 வோல்ட் பேட்டரியில் தனியாக ஓட்டிப் பாருங்கள், பட்டை நின்றால் சப்ளைதான் குற்றவாளி. இடி மின்னலின்போது படத்தின் ஒரு பாதி மட்டும் வெளுத்து, நடுவே கத்தியால் வெட்டியது போலக் கோடு தெரிந்தால் கேமராவில் பழுதில்லை. சென்சார் வரிவரியாகப் படிக்கிறது, மின்னல் சில வரிகள் படிக்கும் நேரத்துக்கு மட்டும் இருந்தது.

பகலில் இலைகள் ரோஸ், கறுப்புத் துணி ஊதா

பகலில் ஐஆர் ஒளியைத் தடுத்து, இரவில் விலகிக்கொள்ளும் ஐஆர் கட் ஃபில்டர் இரவு நிலையிலேயே சிக்கிக்கொண்டது. பாதியில் சிக்கினால் படத்தின் ஒரு பக்கம் ரோஸாகவும் மறுபக்கம் சரியான நிறமாகவும், நடுவே மங்கலான ஓரத்தோடும் இருக்கும். மெனுவில் பகல், இரவு என்று பத்து முறை மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் டிக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால், ஐஆர் எரியும் நேரத்தில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். நீளமான மெல்லிய 3+1 கேபிளில் 12 வோல்ட் 11க்கும் கீழே இறங்கியிருந்தால் ஃபில்டரை இழுக்க வலு இருக்காது. பக்கத்திலேயே தனி அடாப்டர் கொடுத்தால் பல நேரம் தானாகச் சரியாகிவிடும்.

ஆள் நடந்தால் பின்னால் கண்ணாடி போன்ற உருவம்

மென்பொருள் செய்வது. இரவுப் படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சலைக் குறைக்க, கேமரா முந்தைய படங்களை இப்போதைய படத்தோடு கலக்கிறது. மெனுவில் இந்த இரைச்சல் குறைப்பு வசதி 3டி டிஎன்ஆர் 50 என்று இருந்தால் 25க்குக் கொண்டுவாருங்கள், ஷட்டர் 1/12 என்று இருந்தால் 1/25 ஆக்குங்கள். புள்ளி இரைச்சல் கொஞ்சம் கூடும். ஆளின் முகம் கிடைப்பதற்கு அது சரியான விலை.

வானத்தில் உண்மையாகவே நகரும் ஒளி

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், கேமராவைத் திருப்பினால் காட்சியோடு சேர்ந்தே நகர்ந்தால், ஒளி வெளியேதான் இருக்கிறது. அதன் வேகத்தை அளந்துவிடுங்கள். 1920 பிக்ஸல் அகலப் படம் 90 பாகை பார்க்கிறது என்றால் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 21 பிக்ஸல். வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அதாவது 4 நிமிடத்துக்கு 1 பாகை. நான்கு நிமிடத்தில் சுமார் 21 பிக்ஸல் நகர்ந்து மேற்கே இறங்கினால் அது நட்சத்திரம் அல்லது கோள். அந்தி மேற்கிலோ விடியற்காலைக் கிழக்கிலோ அசாத்தியப் பிரகாசமாக இருந்தால் அநேகமாக வெள்ளி. வடக்கு பார்த்த கேமராவில் துருவ நட்சத்திரத்துக்குக் கிட்ட இருப்பவை இதைவிட மிக மெதுவாக நகரும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து, மின்னாமல் ஒரே சீராகப் போய் நடுவானில் சட்டென்று மங்கினால் செயற்கைக்கோள். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததால்தான் மறைந்தது, ஆகவே இது அந்தி சாய்ந்த பின்னும் விடியுமுன்னும்தான் அதிகம். ஒரே கோட்டில் முத்துமாலை போல வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டதிலிருந்து இந்தக் காட்சி வழக்கமாகிவிட்டது. கோடு விட்டு விட்டுப் புள்ளிகளாகப் பதிந்திருந்தால் விமானத்தின் ஸ்ட்ரோப் விளக்கு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சிவப்போ பச்சையோ மெல்லிய கோடாகத் தெரியும்: இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. எது எந்தப் பக்கம் என்று பார்த்தால், விமானம் உங்களை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.